கல்லுக்குள் இருக்கும் நுண்துளைகளைக் காந்தத்தால் அறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளுக்குள் காந்தத் திரவத்தை ஏற்றி, அந்தக் கல் எந்தத் திசையில் எவ்வளவு காந்தமாகிறது என்று அளந்தால், உள்ளே துளைகள் எப்படிக் கிடக்கின்றன என்று சொல்லிவிடலாம். முறை இவ்வளவுதான். ஆனால் செய்யப் போனால் சந்தேகம் மேல் சந்தேகம் வரும். மாணவர்களும், நிலத்தடி நீர், எண்ணெய்க் கிணறு வேலைகளில் இருக்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த வேலையில் கை கறுத்தவன் என்ற முறையில் எனக்குள்ள சில பிடிவாதங்களும் பதில்களில் கலந்திருக்கும்.

துளைகளின் வடிவம் எதற்குத் தெரிய வேண்டும்? எவ்வளவு துளை என்று தெரிந்தால் போதாதா?

போதாது. இரண்டு கற்களிலும் 20 சதவீதம் துளை இருக்கலாம்; ஒன்றில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஓடும், மற்றதில் கிடைமட்டமாக எளிதாக ஓடி, மேலிருந்து கீழே இறங்க அடம்பிடிக்கும். மணல் படியும்போது தட்டையான மணிகள் படுத்துக்கொள்கின்றன. நீரோட்டம் இருந்தால் நீள மணிகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. அப்புறம் மேலே சேரும் பாரம் எல்லாவற்றையும் அமுக்குகிறது. மணிகளுக்கு இடையில் மிஞ்சும் வெற்றிடமும் அதே சாயலைப் பெறுகிறது. நீர் எந்தப் பக்கம் போகும், கசிந்த ரசாயனம் எந்தக் கிணற்றை முதலில் எட்டும், பூமிக்கடியில் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு எங்கே பரவும் என்பதெல்லாம் துளைகளின் திசையைப் பொறுத்தவை.

இந்தக் கற்களில் இரும்பு அநேகமாக இல்லையே. பிறகு காந்தம் எங்கிருந்து வருகிறது?

நாம்தான் ஊற்றுகிறோம். ஒரு பொருள் வெளிக் காந்தப்புலத்தில் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவைக் காந்த ஏற்புத்திறன் என்பார்கள். மணற்கல்லின் முக்கியத் தாதுவான குவார்ட்ஸ் சுத்தமாக இருந்தால் அதன் ஏற்புத்திறன், எஸ்.ஐ. அலகில், பத்து லட்சத்தில் 14 பங்கு அளவுதான்; அதுவும் எதிர்க்குறியோடு. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டும் ஏறக்குறைய அப்படியே. கருவிக்கு இது அநேகமாகச் சுழியம். துளைகளில் ஏறும் காந்தத் திரவமோ, தயாரிப்பைப் பொறுத்து, 1 அல்லது அதற்கு மேலும் போகும். ஆக, கருவியின் கண்ணுக்குக் கல் மறைந்து, துளைகள் மட்டும் தெரிகின்றன. வேண்டாத மணிகள் மறைந்து வேண்டிய ஓட்டைகள் ஒளிர்வது இந்த முறையின் அழகு.

காந்தத் திரவம் என்றால் என்ன?

சுமார் 10 நானோமீட்டர் விட்டமுள்ள மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள்களை எண்ணெயிலோ தண்ணீரிலோ மிதக்கவிட்ட கறுப்புத் திரவம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இப்படிப்பட்ட துகள்களை ஒரு லட்சம் அடுக்கலாம். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் சோப்பு போன்ற ஒரு மூலக்கூறுப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு கெட்டால் கதை முடிந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

1963-ல் நாசாவில் ஸ்டீவ் பாபெல் என்பவர் இதை உருவாக்கினார். எடையில்லாத நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துக் குழாய்வாய்க்குக் கொண்டுவர முடியுமா என்பது அவருடைய யோசனை. இன்று ஒலிபெருக்கிகளுக்குள்ளும் இந்தத் திரவம் இருக்கிறது. காந்தத்தின் அருகே கொண்டுபோனால் முள்முள்ளாக எழும்பும் கறுப்புத் திரவத்தின் வீடியோவைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

இதைக் கல்லுக்குள் ஊற்றலாம் என்று முதலில் யோசித்தது யார்?

பாறையின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை மாறுவதை வைத்துப் பாறையின் அமைப்பைப் படிக்கலாம் என்று 1954-லேயே ஜான் கிரஹாம் சொல்லிவிட்டார். அது கல்லின் தாதுக்களைப் பற்றியது. கல்லைக் காந்தத் திரவத்தில் ஊறவைத்துத் துளைகளின் அமைப்பைப் படிக்கும் வழியை ஸ்டெஃபான் ஃபிளைடரரும் ஹென்றி ஹால்ஸும் 1990-ல் முன்வைத்தார்கள். 1994-ல் அதே இருவர் ஊடுருவுதிறனின் (கல் தன் வழியே திரவத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதன்) திசை வேறுபாட்டை இதைக் கொண்டு விரைவாக மதிப்பிடலாம் என்றார்கள். அதன்பிறகு சில காலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஆய்வுகள் வந்தன. சமீப ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா பீடர்மன் குழு, முறையின் அடிப்படைகளையே மறுபடி கிளறிப் பார்த்து, எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று பிரித்துக் காட்டி வருகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் படிக்கச் சொல்வது அந்தக் கட்டுரைகளைத்தான்.

துளையின் வடிவம் காந்த அளவீட்டில் எப்படித் தெரிகிறது?

இதுதான் எல்லாருக்கும் இடறும் இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சீரகச் சம்பா அரிசி மாதிரி நீளமாக ஒரு துளை இருக்கிறது, அதில் திரவம் நிறைந்திருக்கிறது என்று வையுங்கள். வெளியிலிருந்து காந்தப்புலத்தைச் செலுத்தினால் திரவம் காந்தமாகிறது. புலம் போகும் திசையில் துளையின் ஒரு முனையில் வடதுருவமும் மறுமுனையில் தென்துருவமும் உருவாகின்றன. இந்தத் துருவங்கள் துளைக்குள்ளேயே வெளிப்புலத்துக்கு எதிரான ஒரு புலத்தை உண்டாக்குகின்றன. புலத்தை நீளவாக்கில் செலுத்தினால் துருவங்கள் தூரத்தூர இருக்கும், எதிர்ப்பு குறைவு. குறுக்கே செலுத்தினால் துருவங்கள் நெருங்கி நிற்கும், எதிர்ப்பு அதிகம். எனவே திரவம் ஒன்றேதான் என்றாலும், நீளவாக்கில் அதிகமாகவும் குறுக்கே குறைவாகவும் காந்தமாகிறது.

இந்த எதிர்ப்பின் அளவைக் காந்தநீக்கக் காரணி என்பார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளின் காரணிகளைக் கூட்டினால் எப்போதும் 1 வரும். போண்டா மாதிரி உருண்டையான துளைக்கு மூன்றும் சமம், மூன்றில் ஒரு பங்கு. அகலத்தைப் போல் இரண்டு மடங்கு நீளமுள்ள துளைக்கு நீளவாக்கில் 0.174, குறுக்கே 0.413. ஒரு திசையில் தோன்றும் ஏற்புத்திறன் வேண்டுமானால், திரவத்தின் ஏற்புத்திறனை எடுத்து, ‘ஒன்று கூட்டல் காரணி பெருக்கல் அதே ஏற்புத்திறன்’ என்பதால் வகுக்க வேண்டும்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திரவத்தின் ஏற்புத்திறன் 1 என்றால் நீளவாக்கில் 0.852, குறுக்கே 0.708. விகிதம் 1.20. அதே துளை, அதே கல், ஆனால் திரவத்தை நீர்க்கவைத்து ஏற்புத்திறனை 0.1 ஆக்கிவிட்டீர்கள்: விகிதம் வெறும் 1.02. கெட்டியான திரவம் எடுத்து 3 ஆக்கினீர்கள்: 1.47.

கவனித்தீர்களா? துளை மாறவே இல்லை; எண் மட்டும் 1.02-லிருந்து 1.47-க்குத் தாவிவிட்டது. இரண்டு மடங்கு நீளம் என்ற உண்மையான விகிதம் எந்த இடத்திலும் நேரடியாக வரவும் இல்லை. இந்த முறையில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்: அது காட்டும் திசையை நம்புங்கள், அளவைத் திரவத்தைக் கேட்டுவிட்டு நம்புங்கள். திரவத்தின் ஏற்புத்திறனைக் குறிப்பிடாமல் ‘திசை வேறுபாடு 8 சதவீதம்’ என்று எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் எப்போதும் கெட்டித் திரவத்தையே எடுத்துக்கொள்ளலாமே?

கெட்டித் திரவம் பிசுபிசுப்பாக இருக்கும், சின்னத் துளைகளுக்குள் ஏறச் சுணங்கும். விலையும் ஏறும். நீர்க்கவைத்தால் ஏறும், ஆனால் சமிக்ஞை மெலியும். நல்ல துளையுள்ள மணற்கல்லுக்குக் கெட்டியாகவும், இறுகிய கல்லுக்கு ஓரளவு நீர்க்கவைத்தும் எடுப்பது என் வழக்கம். எதை எடுத்தாலும் சரி, ஒப்பிட நினைக்கும் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே கலவையை, ஒரே நாளில் கலந்ததை, பயன்படுத்துங்கள்.

ஆய்வகத்தில் உண்மையில் என்ன செய்வீர்கள்?

கல்லில் 25.4 மி.மீ. விட்டத்துக்கு உருளை வெட்டி, 22 மி.மீ. நீளத்துக்கு அறுப்போம். 11 கன சென்டிமீட்டர் கல். இந்த நீள அகல விகிதம் தற்செயல் அல்ல. உருளையின் சொந்த வடிவமே ஒரு திசை வேறுபாட்டைக் காட்டிவிடாமல் இருக்கப் பார்த்துப் பார்த்து வைத்தது. வெட்டும்போதே மேல்முகத்தில் வடக்கு எது, மேல் எது என்று அம்புக்குறி போட வேண்டும். அம்புக்குறி இல்லாத உருளை, ஊர் பேர் எழுதாத கடிதம் மாதிரி. மசிப்பேனாவால் போட்டால் எண்ணெய்த் திரவம் அதை அழித்துவிடும். லேசாகக் கீறிவிடுவது நல்லது.

பிறகு காயவைத்து, எடைபோட்டு, வெறும் கல்லாகவே ஒருமுறை காந்த அளவீடு எடுப்போம். அதை எடுக்க மறந்தவர்கள் பின்னால் வருந்துவார்கள்.

அப்புறம் ஒரு மூடிய கண்ணாடிக் கலத்தில் கற்களை வைத்து வெற்றிடப் பம்பைப் போடுவோம். துளைகளில் உள்ள காற்று வெளியேறட்டும் என்று நேரம் கொடுத்து, வெற்றிடத்தை விடாமலேயே திரவத்தை உள்ளே இறக்குவோம். கல் மூழ்கியதும் அதன் மேலிருந்து சரம் சரமாகக் குமிழி கிளம்பும், சோடா பாட்டில் திறந்தாற்போல். குமிழி நின்றபின் காற்றை உள்ளே விட்டால் வளிமண்டல அழுத்தமே மிச்சத் திரவத்தைத் துளைகளுக்குள் தள்ளும். ஒரு நாள் ஊறட்டும் என்று விடுவேன். இறுகிய கல்லாக இருந்தால் இது போதாது. கல்லின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு அழுத்தம் கொடுத்துத் திரவத்தைச் செலுத்த வேண்டும். திரவத்தைப் பிசினோடு கலந்து உள்ளே இறுகவிடும் வழியும் இருக்கிறது.

எடுத்து, மேற்பரப்பைத் துடைத்து, உடனே எடைபோட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றி அளக்க வேண்டும். மேலே படிந்திருக்கும் மெல்லிய திரவப் படலம்கூட அளவைக் கெடுக்கும், அதனால் துடைப்பதில் சோம்பல் கூடாது. அதற்காக அழுத்தி அழுத்தித் துடைத்து உள்ளே இருப்பதையும் உறிஞ்சிவிடக் கூடாது.

அளக்கும் கருவி எது?

காப்பாபிரிட்ஜ் என்ற பெயரில் செக் குடியரசின் பிர்னோ நகரத்து ஆகிகோ நிறுவனம் செய்யும் கருவிதான் பெரும்பாலான ஆய்வகங்களில் இருக்கிறது. ஒரு கம்பிச்சுருளுக்குள் கல்லை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளில் மெதுவாகச் சுழற்றி, ஏற்புத்திறன் எந்தப் பக்கம் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று பதிவு செய்யும். ஒரு கல்லுக்குச் சில நிமிடம் ஆகும். முடிவில் கிடைப்பது ஒரு நீள்கோளம்: பெரிய அச்சு, நடு அச்சு, சின்ன அச்சு, அவற்றின் திசைகள். பெரியதைச் சின்னதால் வகுத்தால் திசை வேறுபாட்டின் அளவு. நடு அச்சு எதற்கு அருகில் இருக்கிறது என்பதைப் பார்த்தால், துளைகள் அப்பளக் கட்டு மாதிரித் தட்டையா, முருங்கைக்காய்க் கட்டு மாதிரி நீளமா என்று தெரியும்.

செலுத்தும் புலம் மிகச் சிறியது, மீட்டருக்கு 200 ஆம்பியர் அளவு. பூமியின் புலத்தைவிட ஐந்தாறு மடங்கு. அதனால் திரவம் கல்லுக்குள் முள்முள்ளாக எழும்பிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

ஒரு விஷயம். எம்.எஃப்.கே.1 வகைக் காப்பாபிரிட்ஜில் 976, 3904, 15616 ஹெர்ட்ஸ் என்று மூன்று அதிர்வெண்களில் அளக்கலாம். காந்தத் திரவத்தின் ஏற்புத்திறன் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். ஆகவே எந்த அதிர்வெண் என்று எழுதிவைப்பதும், திரவத்தைத் தனியாக அதே அதிர்வெண்ணில் அளந்துவைப்பதும் கட்டாயம்.

திரவம் முழுதாக உள்ளே போனதா என்று எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால் இந்த முறையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தொடங்கிய காலத்தில் ஒரு வெளிர்நிற மணற்கல்லை ஊறவைத்து எடுத்தேன். வெளியே கரிக்கட்டி மாதிரி கறுத்துப் பளபளத்தது. திருப்தியாக அளந்து, வரைபடமும் போட்டு, பிறகு ஏதோ ஆர்வத்தில் அதை நடுவில் அறுத்தேன். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குக் கறுப்பு வளையம். நடுவில் கல் வெளுத்தபடியே இருந்தது. நான் அளந்தது துளைகளை அல்ல, ஒரு கறுப்புக் குழாயின் வடிவத்தை. அந்த வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து மூன்று வழிகளில் சரிபார்க்கிறேன். முதலாவது எடை. 11 கன சென்டிமீட்டர் கல்லில் ஒன்றோடொன்று இணைந்த துளை 20 சதவீதம் என்று ஹீலியம் அளவியில் (ஹீலியம் வாயுவைச் செலுத்தித் துளையின் கன அளவை அறியும் கருவி) ஏற்கெனவே தெரிந்திருந்தால், 2.2 மில்லிலிட்டர் திரவம் ஏறியிருக்க வேண்டும். எடை அதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, மொத்த ஏற்புத்திறன். திரவம் 1, துளைகள் சராசரியாக உருண்டை என்று எடுத்தால் திரவத்தின் தோன்றும் ஏற்புத்திறன் 0.75. அதில் 20 சதவீதம், அதாவது சுமார் 0.15, கல்லுக்கு வர வேண்டும். 0.09-தான் வந்தது என்றால் 60 சதவீதம்தான் நிறைந்திருக்கிறது.

இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் சுவாரசியம். எடை ஏறக்குறைய முழுதாக ஏறியிருக்கிறது, ஏற்புத்திறன் மட்டும் குறைகிறது என்றால், எண்ணெய் உள்ளே போய்விட்டது, துகள்கள் வாசலிலேயே நின்றுவிட்டன என்று அர்த்தம். கல் வடிகட்டித் தாளாக வேலை செய்திருக்கிறது. எடையை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

மூன்றாவது, ஒரு கல்லைப் பலியிட்டு அறுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றையாவது அறுங்கள்.

எண்ணெய்த் திரவமா, நீர்த் திரவமா?

எண்ணெய். நீர்த் திரவம் கழுவ எளிது, கல்லிலும் சுலபமாக ஏறும். ஆனால் கல்லுக்குள் உப்பு இருந்தால் அது கரைந்து, துகள்களைப் பிரித்துவைத்திருக்கும் பூச்சின் வேலையைக் கெடுத்துவிடும். எலுமிச்சை பிழிந்த பால் போல் திரவம் திரிந்து, துகள்கள் கட்டி கட்டியாகச் சேரும். களிமண் உள்ள கல்லாக இருந்தால், தண்ணீர் பட்டதும் களிமண் ஊதித் துளையையே மாற்றிவிடவும் கூடும்.

எண்ணெய்த் திரவமும் சாசுவதம் இல்லை. நாள்பட வைத்தால் துகள் அடியில் தங்கலாம்; திறந்து வைத்தால் ஆவியாகிக் கெட்டிப்படலாம். பயன்படுத்தும் நாளில் திரவத்தைத் தனியாக அளந்து எழுதிவையுங்கள். போன வருடம் பாட்டிலில் எழுதிய எண்ணை நம்ப வேண்டாம்.

கல்லுக்கே சொந்தமாகக் காந்தத் தாது இருந்தால்?

வெறும் கல்லாக எடுத்த முதல் அளவீடு அதற்குத்தான். ஊறிய கல்லின் அளவிலிருந்து வெறும் கல்லின் அளவை, திசைகளோடு சேர்த்து, கழித்துவிடலாம். வெறும் எண்களைக் கழித்தால் தவறு. ஆறு கூறுகள் கொண்ட அணியாக வைத்துக் கழிக்க வேண்டும். பெரும்பாலான மணற்கற்களில் கழிப்பது கடலில் ஒரு துளியைக் கழிப்பது போலத்தான் இருக்கும். பசால்ட் போல மேக்னடைட் நிறைந்த எரிமலைக் கல்லில் அப்படி அசட்டையாக இருக்க முடியாது.

துளைகளின் அளவைச் சொல்லுமா?

சொல்லாது. அரிசி அளவு துளையும் பூசணி அளவு துளையும் ஒரே வடிவமாக இருந்தால் ஒரே விகிதம்தான் வரும். அளவு வேண்டுமென்றால் அழுத்தம் கொடுத்துப் பாதரசத்தைத் துளைகளுக்குள் தள்ளும் பாதரச ஊடுருவல் முறைக்குப் போங்கள்.

கிடைக்கும் நீள்கோளம் ஒரு துளையின் வடிவமா?

இல்லை, கோடிக்கணக்கான துளைகளின் சராசரி. 2006-ல் ஜோன்ஸ், பென்சன், மெரிடித் மூவரும், வடிவம் முன்பே தெரிந்த செயற்கைத் துளைகளைக் காந்தத் திரவத்தால் நிரப்பி அளந்து, இந்தச் சராசரித் துளைக் கருத்தைச் சோதித்தார்கள். வடிவம் தெரிந்த ஒன்றில் கருவியைச் சோதித்துவிட்டுத்தான் தெரியாத கல்லுக்குப் போக வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி.

ஆனால் சராசரியிலும் ஒரு சூது இருக்கிறது. ஒவ்வொரு துளையும் உருண்டைதான், ஆனால் எல்லாம் மணிமாலை மாதிரி ஒரே வரிசையில் நெருங்கி நிற்கின்றன என்று வையுங்கள். பக்கத்துத் துளைகளின் காந்தப்புலம் ஒன்றையொன்று வரிசைவாக்கில் வலுப்படுத்தும். கருவியோ ‘நீளத் துளை’ என்று சொல்லும். ஒன்றிரண்டு நீளத் துளைகளா, வரிசையில் நின்ற உருண்டைகளா என்று காந்த அளவீட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நீளத் துளைகள் பக்கவாட்டில் நெருங்கி அடுக்கப்பட்டிருந்தால், வடிவமும் அடுக்கும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாதது போலவும் காட்டலாம். வடிவத்தால் வருவது, அடுக்கத்தால் வருவது என்று இந்த இரண்டையும் கணித்துச் சேர்க்கும் மாதிரிகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றுக்கு உள்ளீடாக ஸ்கேன் படம் வேண்டும்.

மைக்ரோ சி.டி. ஸ்கேன்தான் (எக்ஸ்-கதிரால் கல்லின் உட்புறத்தைப் படமெடுப்பது) இருக்கிறதே, பிறகு இது எதற்கு?

படத்தில் குறுக்கே 2000 புள்ளிகள் என்றால், 25 மி.மீ. கல்லை முழுதாக எடுக்கும்போது ஒரு புள்ளி 12 மைக்ரோமீட்டருக்கும் மேல். அதைவிடச் சின்னத் துளைகள் படத்தில் இல்லை. நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் கல்லைத் தீக்குச்சி அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். அப்போது அந்தத் துண்டு முழுக் கல்லைப் பிரதிநிதிக்கிறதா என்ற சந்தேகம் வரும். காந்த முறையில் முழு 11 கன சென்டிமீட்டரும் ஒரே மூச்சில் வருகிறது. திரவம் நுழையும் துளை எவ்வளவு சின்னதானாலும் கணக்கில் சேர்கிறது. ஐம்பது கற்களை ஒரு நாளில் அளக்கலாம், ஐம்பது ஸ்கேன் அப்படி ஆகாது.

அதற்காக ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐம்பதைக் காந்தத்தால் அளந்து, வித்தியாசமாக நடந்துகொள்ளும் மூன்றை ஸ்கேனுக்கு அனுப்புவது காசுக்கும் நேரத்துக்கும் நல்லது.

என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) முறையும் காந்தம்தானே? இரண்டும் ஒன்றா?

வேறு. அங்கே துளையில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் கருக்களைக் காந்தப்புலத்தில் உசுப்பிவிட்டு, அவை எவ்வளவு வேகமாக அடங்குகின்றன என்று பார்க்கிறார்கள். சின்னத் துளையில் தண்ணீர் சுவரில் அடிக்கடி மோதுவதால் சீக்கிரம் அடங்கும், பெரிய துளையில் மெதுவாக. அதனால் துளை அளவுகளின் பரவல் தெரியும். எண்ணெய்க் கிணறுகளுக்குள்ளேயே கருவியை இறக்கிச் செய்கிறார்கள். அளவு அங்கே, திசை இங்கே. இரண்டும் செய்வதாக இருந்தால் என்.எம்.ஆரை முதலில் முடியுங்கள். காந்தத் திரவம் ஏறிய கல்லை அங்கே கொண்டுபோனால் துரத்திவிடுவார்கள்.

ஊடுருவுதிறனை இதிலிருந்தே சொல்லிவிடலாமா?

எந்தத் திசையில் அதிகம், எதில் குறைவு என்பதைப் பல கற்களில் சொல்லலாம். எத்தனை மில்லிடார்சி (ஊடுருவுதிறனின் அலகு) என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கிராப் ஆர்ச்சர்ட் மணற்கல் இதற்குப் பேர்போனது. இறுகிய கல், துளை 5 சதவீதம் அளவுதான், படிவு அடுக்குகள் கண்ணுக்கே தெரியும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப் பென்சன், பிலிப் மெரிடித் முதலானோர் இதைக் காந்த முறையிலும், ஒலி அலை வேகத்திலும், ஊடுருவுதிறனிலும் அளந்தார்கள். மூன்றும் ஒரே கதையைச் சொல்லின: படிவு அடுக்கின் வாக்கில் ஒலி வேகமாகப் போகிறது, திரவமும் எளிதாகப் போகிறது, துளைகளும் அந்தப் பக்கமே படுத்திருக்கின்றன. இதற்கு நேர் எதிர் ஜெர்மனியின் பென்ட்ஹைம் மணற்கல். ஆம்ஸ்டர்டாம் அரண்மனையைக் கட்டியது இந்தக் கல்லால்தான். துளை 23 சதவீதம் அளவு, மணிகள் ஒரே சீர், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கருவி கற்பனையாக எதையாவது காட்டுகிறதா என்று சோதிக்க இப்படி ஒரு சாது கல் கைவசம் இருப்பது நல்லது.

ஏன் எப்போதும் ஒத்துப்போகாது? காந்த முறை எல்லாத் துளைகளையும் அவற்றின் கன அளவுக்கு ஏற்ப எண்ணுகிறது. தண்ணீருக்கோ வழியின் குறுகிய கழுத்துதான் முக்கியம். பெரிய அறை நான்கு இருந்தும் கதவு ஒன்று இறுக்கமாக இருந்தால் கூட்டம் நகராது. மெல்லிய விரிசல் ஒன்று கல்லை ஊடறுத்துப் போனால் நீர் அதில் பாய்ந்துவிடும். காந்த அளவீட்டில் அதன் பங்கு சொற்பம்.

எந்தக் கற்களுக்கு இது சரிப்படாது?

களிமண் இறுகி உண்டான ஷேல் வேண்டாம். அதன் துளைகளில் பெரும்பகுதி துகளின் அளவுக்கே சிறியது, திரவம் நுழையாது. மறுகோடியில், சிப்பி கரைந்து பெரிய பொந்துகள் விழுந்த சுண்ணாம்புக்கல்லும் தொல்லை: ஏறிய திரவம் வெளியே எடுத்ததும் வழிந்துவிடும். அதற்குப் பிசின் கலந்த முறை பரவாயில்லை. இணையாமல் தனித்து மூடிக்கிடக்கும் துளைகள் எந்தக் கல்லிலும் கணக்கில் வராது.

இந்தியாவில் செய்ய வசதி இருக்கிறதா?

காப்பாபிரிட்ஜ் வைத்துப் பாறையமைப்பு ஆய்வு செய்பவர்கள் இங்கே நீண்டகாலமாக இருக்கிறார்கள். நவி மும்பையின் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம், கரக்பூர் ஐ.ஐ.டி. ஆகியவை உடனே நினைவுக்கு வருபவை. கருவி அதேதான், கூடுதலாகத் தேவைப்படுவது திரவமும், வெற்றிடப் பம்பும், பொறுமையும். ஒன்று மட்டும்: கருவி வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு சொட்டு அந்தக் கம்பிச்சுருளுக்குள் விழுந்தால் அதன்பிறகு அளக்கும் ஒவ்வொரு கல்லிலும் அந்தச் சொட்டு தெரியும். அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

அளந்தபின் கல்லைக் கழுவிப் பழையபடி ஆக்கலாமா?

முழுதாக முடியாது. கரைப்பானில் நாள்கணக்கில் ஊறவைத்தாலும் துகள்கள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கல்லில் பழங்காலப் பூமியின் காந்தத் திசையைப் படிக்கும் வேலை இருந்தால் அதை முன்பே முடித்துவிடுங்கள். நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய சீவல், ஹீலியம், என்.எம்.ஆர்., ஸ்கேன், ஒலி அலை எல்லாம் முடிந்த பிறகே காந்தத் திரவம். கிணற்றுத்துளையிலிருந்து எடுத்த அரிய மாதிரியாக இருந்தால், அதன் பக்கத்திலேயே இரண்டாவது உருளை ஒன்று வெட்டி வையுங்கள்.

கையில் பட்டால் போகுமா?

எண்ணெய்த் திரவம் என்றால், முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் பாத்திரம் துலக்கும் சோப்பு. நகக்கண்ணில் போனது ஒரு வாரம் இருக்கும். கையுறை போடுங்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள்.